களியக்காவிளைக்கு அப்பால் யார் துணை?

ஆண்டுதோறும் நவராத்திரிக்கு முன்பாகப் பத்மநாபபுரம் சரஸ்வதியும், வேளிமலைக் குமாரசாமியும், சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் திருவனந்தபுரத்துக்குப் புறப்படுகிறார்கள். மாநில எல்லையான களியக்காவிளையில் கேரளப் போலீசார் அணிவகுத்து நின்று மரியாதை செய்து வரவேற்கிறார்கள். சாமிக்கு இரண்டு மாநிலப் போலீசும் காவல்.

அதே சாலையில், ஐப்பசி மழையில், திருவனந்தபுரமும் கொல்லமும் கொச்சியும் பார்த்துவரலாம் என்று தனியாக வண்டியெடுக்கிறவர்கள் நம் குமரி மாவட்டத்தில் ஏராளம். 1956 நவம்பர் 1-க்கு முன் அங்கே எல்லையே கிடையாது. அதனாலோ என்னவோ, பக்கத்து ஊருக்குப் போவதுபோலக் கிளம்பிவிடுகிறோம். ஏதாவது நடந்தால் நமக்காகப் பேசக்கூட ஆள் இருக்காது. அப்போது பேச வேண்டியது நம் கையிலிருக்கும் ஆவணங்கள்தான்.

கிளம்பும் முன்

முதலில் இன்சூரன்சைப் பாருங்கள். சட்டம் கட்டாயமாக்கியிருப்பது தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸ். நீங்கள் பிறர்மேல் மோதினால் அவருக்கு அது இழப்பீடு தரும். மழையில் சறுக்கி நீங்களே புளியமரத்தில் மோதினால் உங்களுக்கு ஒன்றும் தராது. அதற்கென உள்ளது உரிமையாளர்-ஓட்டுநருக்கான 15 லட்சம் ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பு. உங்கள் பாலிசியில் அதற்கான பிரீமியம் கட்டப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

நண்பரின் வண்டி என்றால் இன்னும் கவனம் வேண்டும். இரவல் வாங்கி ஓட்டுபவர் உரிமையாளரின் இடத்தில் நிற்கிறார், அவர் மூன்றாம் நபர் ஆகமாட்டார் என்று 2020-இல் ராம்கிலாடி வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வாடகைக் கார் என்றால் நம்பர் பிளேட்டைப் பாருங்கள். நாமே ஓட்டிச் செல்லும் வாடகை வண்டிக்குக் கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து இருக்க வேண்டும். தெரிந்தவர் தருகிறாரே என்று வெள்ளை பிளேட் காரை வாடகைக்கு எடுத்தால், விபத்து நேரத்தில் இன்சூரன்ஸ் கம்பெனி கைவிரிக்க இடமுண்டு.

வழியில் நிறுத்தினால்

டி.என். 74, 75 எண்ணுள்ள சொந்த உபயோக வண்டியில் சில நாள் சுற்றிவரத் தனி பெர்மிட் தேவையில்லை. லைசென்ஸ், ஆர்.சி., இன்சூரன்ஸ், புகைச் சான்று ஆகியவற்றை டிஜிலாக்கரிலோ எம்-பரிவாகனிலோ காட்டலாம். சீருடையில் உள்ள அதிகாரி கேட்டால் காட்டுவது நம் கடமை. அபராதம் கட்டினால் ரசீது பெறுவது நம் உரிமை. ரசீது இல்லாமல் பணம் கொடுக்காதீர்கள்.

யாரும் நிறுத்தவில்லை என்றும் நிம்மதியடைய முடியாது. கேரளச் சாலைகளில் 2023 ஜூன் முதல் கேமராக்களே அபராதம் போடுகின்றன. ஹெல்மெட், சீட் பெல்ட், வேகம் எதுவும் அவற்றின் கண்ணுக்குத் தப்பாது. ஆர்.சி.-யில் பழைய செல்போன் எண் இருந்தால் செலான் வந்ததே தெரியாமல் போகும். ஊர் திரும்பியதும் பரிவாகன் இணையதளத்தில் வண்டி எண்ணைப் போட்டுப் பாருங்கள். தவறான செலான் என்றால் அங்கேயே புகார் செய்யலாம்.

விபத்து நேர்ந்தால்

தமிழக அரசின் ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டம் தமிழ்நாட்டு எல்லைக்குள் நடக்கும் விபத்துக்கு மட்டும்தான். எல்லை தாண்டிப் பாறசாலையில் விழுந்தால் அது உதவாது. அங்கே கைகொடுக்கக்கூடியது, 2025 மே மாதம் அறிவிக்கப்பட்ட மத்திய அரசின் கட்டணமில்லாச் சிகிச்சைத் திட்டம். விபத்து நடந்த நாளிலிருந்து 7 நாள் வரை, 1.5 லட்சம் ரூபாய் வரை, அங்கீகரிக்கப்பட்ட மருத்துவமனைகளில் சிகிச்சை பெறலாம். விபத்து போலீசின் கவனத்துக்கு வந்தாக வேண்டும். எனவே உடனே 112-ஐ அழையுங்கள். தேசிய நெடுஞ்சாலையில் உதவிக்கு 1033.

உங்கள் வண்டி மோதி யாராவது காயமடைந்தால், அவருக்கு மருத்துவ உதவி கிடைக்கச் செய்ய வேண்டும். கூட்டம் அடிக்க வருகிறது என்றால் அங்கே நிற்க வேண்டியதில்லை. ஆனால் 24 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள காவல் நிலையத்தில் சொல்லியே ஆகவேண்டும். இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் எழுத்தில் தெரிவிக்க வேண்டும்.

வழியில் அடிபட்டுக் கிடப்பவரைத் தூக்கிவிடப் பயப்படாதீர்கள். உதவியவரைச் சாட்சியாகும்படி கட்டாயப்படுத்த முடியாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 134-ஏ பிரிவு பாதுகாக்கிறது. நாளை நமக்கு நேர்ந்தாலும் தூக்குவது முன்பின் தெரியாத ஒருவர்தான்.

ஊர் திரும்பிய பிறகு

விபத்து கொல்லத்தில் நடந்தாலும், இழப்பீட்டு வழக்குக்காக அங்கே அலைய வேண்டியதில்லை. நீங்கள் குடியிருக்கும் ஊருக்குரிய தீர்ப்பாயத்திலேயே மனு செய்யலாம். சட்டம் சொல்லும் கெடு 6 மாதம். பொருள் களவு போயிருந்தால், 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள குற்றவியல் நடைமுறைச் சட்டப்படி எந்தக் காவல் நிலையத்திலும் புகார் தரலாம். ‘எங்கள் லிமிட் இல்லை’ என்று திருப்பி அனுப்பக்கூடாது. இலவசச் சட்ட உதவிக்கு 15100. பெண்களுக்கு இதில் வருமான வரம்பே இல்லை.

வண்டிக்குப் பெட்ரோல் போடுமுன், வீட்டிலுள்ள ஒருவரிடம் பாலிசியின் நகலையும் போகும் வழியையும் இரவு தங்குமிடத்தையும் கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள்.