இறந்தவருக்குச் சேர வேண்டிய கடன்

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் ஆலைகளில் உழைப்போரில் பலர் வெளியூரினர். வாடகை அறையில் தங்கி, ஊரிலுள்ள குடும்பத்துக்குப் பணம் அனுப்பி வாழ்பவர்கள். அத்தகைய ஒருவர் திடீரென மறைந்துவிட்டார் என வைத்துக்கொள்ளுங்கள். அறைக்குக் கொடுத்த முன்பணம் வீட்டுக்காரரிடம் இருக்கிறது. உடன் உழைத்தவர் வாங்கிய கைமாற்றுத் தொகை திரும்பவில்லை. கேட்பதற்கு ஆளில்லை என்று அப்பணத்தை வைத்துக்கொள்ளலாமா?

கூடாது, அன்பர்களே! அது அமானிதம். அமானிதங்களை உரியவர்களிடம் ஒப்படைக்குமாறு திருக்குர்ஆன் (4:58) பணிக்கிறது. கடன் கொடுத்தவர் இறந்தாலும் கடன் இறப்பதில்லை.

யாரிடம் கொடுப்பது என்ற ஐயம் எழலாம். இஸ்லாமியர் எழுதும் வஸிய்யத்துக்கு நீதிமன்றத்தில் புரோபேட் பெறுவது கட்டாயமில்லை. எனினும், இறந்தவருக்கு வரவேண்டிய கடனை வழக்கிட்டு வசூலிக்க நீதிமன்றச் சான்று வேண்டும் என்கிறது 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம். இறந்தவர் வாழ்ந்த இடத்துக்குரிய நீதிமன்றம் வழங்கும் வாரிசுரிமைச் சான்று அதற்குப் பயன்படும். வட்டாட்சியர் தரும் வாரிசுச் சான்றிதழ் வேறு, இது வேறு. இச்சான்று பெற்றவரிடம் நல்லெண்ணத்துடன் கடனைச் செலுத்தியவருக்குச் சட்டம் முழுப் பாதுகாப்பு அளிக்கிறது.

வங்கிக் கணக்கில் நியமனதாரராகப் பெயர் உள்ளவர் பணத்தைப் பெறலாம். அதனாலேயே அவர் உரிமையாளர் ஆகிவிடுவதில்லை. உச்சநீதிமன்றம் 2010இல் இதைத் தெளிவுபடுத்தியது. (வருங்கால வைப்பு நிதிக்குத் தனி விதிகள் உண்டு.)

பணம் வந்து சேர்ந்ததும் பங்கிட்டுவிடலாகாது. முதலில் அடக்கச் செலவு. அடுத்து இறந்தவர் பட்ட கடன். மனைவிக்குத் தராத மஹரும் கடனே. பிறகு மூன்றில் ஒரு பங்குக்கு மேற்படாத வஸிய்யத். அதன்பின்னரே வாரிசுகளின் பங்கு. கடனும் வஸிய்யத்தும் நீங்கிய பிறகே பங்கு என்பதை அந்நிஸா அத்தியாயத்தின் 11, 12ஆம் வசனங்கள் மீண்டும் மீண்டும் வற்புறுத்துகின்றன.

ஓர் உதாரணம்: இறந்தவருக்கு 2,80,000 ரூபாய் வந்தது. அடக்கச் செலவும் கடனும் 40,000. வஸிய்யத் இல்லை, எஞ்சியது 2,40,000. தாயும் மனைவியும் ஒரு மகனும் மட்டுமே உள்ளனர். தாய்க்கு ஆறில் ஒன்று: 40,000. மனைவிக்கு எட்டில் ஒன்று: 30,000. மீதி 1,70,000 மகனுக்கு. பணம் முழுவதையும் ஒருவரே பெற்றுக்கொண்டால், ஊரிலிருக்கும் முதிய தாயின் பங்கு பறிபோகுமல்லவா?

ஆகவே, கொடுக்கல் வாங்கலை எழுதி வையுங்கள்; எழுதி வைக்குமாறு இறைமறையும் (2:282) கட்டளையிடுகிறது. இன்று எழுதும் ஒரு வரி, நாளை ஓர் அநாதையின் உரிமையைக் காக்கும்.