தாய்மையும் சிறுநீரகமும்

ஏழாம் மாதம் பிறந்ததும் வளைகாப்பு நடத்தித் தலைப்பிரசவத்துக்குப் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துச் செல்வது தமிழர் குடும்பங்களில் தொன்றுதொட்டு வரும் வழக்கம். பிழைப்பை நாடி மைசூரின் ஹெப்பாள் தொழிற்பேட்டை போன்ற இடங்களில் குடியேறியவர்களும் இவ்வழக்கத்தை எளிதில் கைவிடுவதில்லை. அன்பில் பிறந்த வழக்கம் இது, குறை கூறத்தக்கதன்று. ஆயினும் ஒன்றைக் கருத வேண்டும். கருவுற்ற பெண்ணின் இரத்த அழுத்தத்தையும் சிறுநீரகத்தையும் தாக்கும் நோய் பெரும்பாலும் தலைகாட்டும் காலமும் இதுவே. பெண் ஒரு மாநிலத்திலிருந்து மற்றொரு மாநிலத்துக்குச் செல்லும் அந்தச் சில வாரங்களில் பரிசோதனை விட்டுப்போகுமானால், விளையும் தீங்கு பெரிது.

கருவுற்ற காலத்தில் சிறுநீரகங்கள் தாய்க்காக மட்டுமன்றிச் சேய்க்காகவும் உழைக்கின்றன. அவை இரத்தத்தை வடிகட்டும் அளவு வழக்கத்தைவிட ஏறத்தாழப் பாதிப் பங்கு கூடுகிறது. சிறுநீரகத்தின் நீளமும் சுமார் 1 சென்டிமீட்டர் வளர்கிறது. கழிவு விரைவாக வெளியேறுவதால், இரத்தத்தில் கிரியேட்டினின் என்னும் கழிவுப்பொருளின் அளவு குறைந்து, டெசிலிட்டருக்கு 0.4 முதல் 0.8 மில்லிகிராம் வரையில் நிற்கும். ஆகவே, மற்ற நாட்களில் இயல்பெனக் கொள்ளப்படும் 1.0 என்ற அளவும் கர்ப்பிணியிடம் காணப்பட்டால் மருத்துவர் அதைக் கவனித்தே ஆகவேண்டும்.

முதலில், பரவலாகக் காணப்படும் தொல்லையைச் சொல்வோம். கர்ப்பகாலத்தில் சிறுநீரகத்திலிருந்து பைக்குச் செல்லும் குழாய்கள் தளர்ந்து விரிகின்றன. வளரும் கருப்பையும் அவற்றை அழுத்துகிறது. இதனால் சிறுநீர் தேங்கிக் கிருமிகள் பெருக வழி ஏற்படுகிறது. நூறு கர்ப்பிணிகளில் 2 முதல் 10 பேர் வரை, எவ்வித அறிகுறியுமின்றியே சிறுநீரில் கிருமிகளைக் கொண்டிருப்பர். கவனியாது விட்டால் தொற்று மேலேறிச் சிறுநீரகத்தையே தாக்கும். அப்போது குளிர்காய்ச்சலும் விலாப்புறத்து வலியும் வாந்தியும் உண்டாகும். குறைமாதப் பிரசவத்துக்கும் அது காரணமாகலாம். ஆலையிலும் தையற்கூடத்திலும் வேலை செய்யும் பெண்கள், கழிப்பிட வசதிக்கு அஞ்சித் தண்ணீர் குடிப்பதைக் குறைப்பதும் சிறுநீரை மணிக்கணக்கில் அடக்குவதும் உண்டு. கர்ப்பகாலத்தில் இது அறவே கூடாது.

இனி, அதைவிடக் கொடியதொரு நோய். பெரும்பாலும் 20 வாரங்களுக்குப் பின், இரத்த அழுத்தம் 140/90 அளவையோ அதற்கு மேலோ எட்டி, சிறுநீரில் ஆல்புமின் என்னும் புரதம் வெளிப்படத் தொடங்குவது இதன் அடையாளம். சிறுநீரகத்தின் நுண்ணிய வடிகட்டிகள் பழுதுற்றதால், உடலில் தங்க வேண்டிய புரதம் கசிந்து வெளியேறுகிறது. நோய் முற்றினால் வலிப்பு வரும். முற்காலத்தில் இதனை ஜன்னி என்றும் பேய்க்கோளாறு என்றும் எண்ணி, மந்திரிப்பவரைத் தேடிச் சென்றவர் பலர்.

இவ்வலிப்புக்கும் சிறுநீருக்கும் உள்ள தொடர்பு 1843ஆம் ஆண்டிலேயே தெரிய வந்தது. லண்டன் கைஸ் மருத்துவமனையைச் சேர்ந்த ஜான் லீவர் என்ற மருத்துவர், பிரசவகால வலிப்புற்ற பெண்களின் சிறுநீரில் ஆல்புமின் இருப்பதைக் கண்டறிந்தார். சிறுநீரைச் சூடாக்கினால், முட்டையின் வெண்கரு போல அப்புரதம் திரண்டுவிடும். இன்றோ, சிறுநீரில் தோய்த்தெடுக்கும் ஒரு சிறு காகிதப்பட்டை இரண்டொரு நிமிடத்தில் நிறம் மாறி உண்மையைச் சொல்லிவிடுகிறது. இத்துணை எளிய சோதனையைச் செய்யாது விடுவதற்கு நாம் சொல்லக்கூடிய காரணம் எதுவும் இல்லை.

‘கர்ப்பிணிக்குக் கால் வீங்குவது இயற்கைதானே, பார்லிக் கஞ்சி கொடுத்தால் வடிந்துவிடும்’ என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வதுண்டு. மாலையில் பாதம் சற்று வீங்கி, காலையில் வடிவது பெரும்பாலும் இயற்கையே. ஆனால் முகமும் கைகளும் திடீரென வீங்குவது, தீராத தலைவலி, கண் மங்குதல் அல்லது கண்முன் மின்னல் தெறித்தல், மேல்வயிற்றில் வலி, சிறுநீர் குறைதல் ஆகியவற்றைக் கஞ்சி தீர்க்காது. இவற்றில் ஒன்று தோன்றினாலும் அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். வீக்கமே இன்றியும் இந்நோய் வரலாம் என்பதையும் மறக்கலாகாது.

இதற்குச் சிகிச்சை இல்லாமல் இல்லை. 33 நாடுகளில் பதினாயிரத்துக்கு மேற்பட்ட பெண்களிடம் நடத்தப்பட்டு 2002இல் வெளிவந்த ஆராய்ச்சி, மெக்னீசியம் சல்பேட் என்னும் மலிவான மருந்து வலிப்பு வரும் வாய்ப்பைப் பாதிக்கும் கீழாகக் குறைப்பதை மெய்ப்பித்தது. நோய் வரும் வாய்ப்பு மிகுந்தவர்களுக்குத் தொடக்கத்திலேயே சிறிய அளவில் ஆஸ்பிரின் கொடுப்பதும் உண்டு. இதை மருத்துவரே தீர்மானிக்க வேண்டும். தாமாக மருந்து வாங்கி உண்பது ஆபத்து. டைக்ளோபினாக், ஐபுபுரோஃபென் போன்ற வலிமாத்திரைகள் 20 வாரத்துக்குப்பின் குழந்தையின் சிறுநீரகத்தையே பாதித்துப் பனிக்குட நீரைக் குறைக்கக்கூடும். எனலாபிரில், ராமிபிரில் முதலிய இரத்த அழுத்த மாத்திரைகளை உட்கொள்ளும் பெண்கள், கருத்தரிக்கும் முன்பே மருத்துவரிடம் சொல்லி வேறு மருந்துக்கு மாறுவது நலம்.

பிள்ளை பிறந்துவிட்டது, இனிக் கவலையில்லை என்று இருப்பதும் தவறு. பேற்றுக்குப் பின் முதல் ஆறு வாரங்களிலும் இரத்த அழுத்தம் உயரலாம். 2024 நவம்பரில் கர்நாடகத்தின் பல்லாரி மாவட்ட மருத்துவமனையில் சிசேரியன் செய்துகொண்ட பெண்களில் சிலருக்குச் சிறுநீரகம் முதலான உறுப்புகள் செயலிழந்தன. அவர்களுள் ஐந்து தாய்மார்கள் உயிரிழந்தனர். நரம்பு வழியே ஏற்றப்பட்ட திரவத்தின் மீது ஐயம் எழவே, மாநில அரசு அதன் பயன்பாட்டை நிறுத்தியது. திரவத்தின் தரத்தைக் காப்பது அரசின் பொறுப்பு. எனினும், பிள்ளை பெற்றவளுக்குச் சிறுநீர் சரிவரப் பிரிகிறதா என்று முதல் நாளிலிருந்தே கவனித்து, குறைந்தால் உடனே செவிலியரிடம் சொல்வது உடனிருப்போரின் கடமை.

இனி, தாய்வீட்டுப் பயணத்துக்கு வருவோம். கர்நாடகத்தில் கர்ப்பிணிகளுக்குத் ‘தாயி கார்டு’ என்னும் கையேடு வழங்கப்படுகிறது. முதல் மூன்று மாதங்களில் அதில் குறிக்கப்படும் இரத்த அழுத்தமும் சிறுநீர்ச் சோதனையின் முடிவும் பிற்காலத்து அளவுகளை ஒப்பிடுவதற்கு உரைகல்லாக விளங்குவன. தொடக்கத்தில் 100/60 இருந்தவள் ஏழாம் மாதத்தில் 135/85 காட்டினால், முந்தைய எண்ணை அறியாத புதிய மருத்துவர் அதை இயல்பென்றே கொள்ளக்கூடும், அறிந்தவரோ எச்சரிக்கையடைவார். ஆதலின் சீர்வரிசையோடு அக்கையேட்டையும் சோதனைத் தாள்களையும் கட்டாயம் எடுத்துச் செல்க. புறப்படுமுன் ஒருமுறையும், ஊர் சேர்ந்த ஒரு வாரத்துக்குள் மறுமுறையும் பரிசோதனை செய்துகொள்க. இரத்த அழுத்தம் உயர்ந்திருந்தாலும் ஆல்புமின் தென்பட்டாலும் பயணத்தை ஒத்திவைப்பதே அறிவுடைமை. மைசூரிலிருந்து ஈரோட்டுக்குச் செல்லும் வழியில் உள்ள திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டையூசி வளைவுகளுக்கிடையே வலிப்பு வந்தால் உதவி கிட்டுவது அரிது.

மொழி தெரியாத கூச்சத்தால் வாய்மூடி இருத்தலும் கூடாது. கன்னட மருத்துவரிடம் தலைவலியைத் ‘தலெநோவு’ என்றும், வீக்கத்தை ‘ஊத’ என்றும், நீர்க்கடுப்பை ‘உரிமூத்ர’ என்றும், இரத்த அழுத்தத்தை ‘ரக்ததொத்தட’ என்றும் சொன்னால் போதும். எஞ்சியதை அவர் கேட்டறிவார். 2016 முதல் ஒவ்வொரு மாதமும் 9ஆம் நாள் அரசு மருத்துவ நிலையங்களில் கர்ப்பிணிகளுக்கு இலவசப் பரிசோதனை நடத்தும் திட்டம் உண்டு. ஹெப்பாளில் வாழ்வோருக்கு மைசூர் நகரத்துச் செலுவாம்பா மகளிர் மருத்துவமனையும் எட்டும் தொலைவில் இருக்கிறது. அவசர ஊர்திக்கு 108 என்ற எண் இரு மாநிலங்களுக்கும் பொது.

பிறந்த வீடு, புகுந்த வீடு, பிழைக்க வந்த ஊர் என மூன்று இடங்களின் அன்பும் ஒரு பெண்ணுக்குக் கிடைப்பது பேறு. அம்மூன்று இடத்தாரும் அவளுடைய இரத்த அழுத்த எண்ணையும் சிறுநீர்ச் சோதனையின் முடிவையும் கேட்டறியும் பழக்கத்தை மேற்கொள்வார்களாயின், தாயும் சேயும் நலமாக வீடு திரும்பப் பெரிதும் துணை புரிந்தவராவர்.