எட்டுக் கவுளி ஓட்டு

பரமத்தி வேலூர் வெற்றிலை ஏலத்தில் 100 இலை ஒரு கவுளி. 104 கவுளி ஒரு சுமை. 2016 சட்டமன்றத் தேர்தலில் இந்தத் தொகுதியில் தி.மு.க.வின் கே.எஸ்.மூர்த்தி, அ.தி.மு.க. வேட்பாளரை முந்தியது 818 ஓட்டில். இலைக் கணக்கில் சொன்னால் எட்டுக் கவுளியும் பதினெட்டு இலையும். ஒரு சுமையில் பத்தில் ஒரு பங்குகூடத் தேறாது! 2021-இல் அ.தி.மு.க.வின் எஸ்.சேகர் தொகுதியைக் கைப்பற்றினார்.

அந்த 818-ஐ இருநூற்றுக்கும் மேற்பட்ட வாக்குச்சாவடிகளுக்குப் பிரித்தால், சாவடிக்கு நான்கு ஓட்டுகூட வராது. அந்த வருஷம் முதன்முறையாக ஓட்டுப் போட்ட பிள்ளைகள் சாவடிக்கு நாலைந்து பேராவது இருந்திருப்பார்கள்; அவர்களே முடிவை மாற்றியிருக்கலாம்.

இளைஞர் வேகம் தமிழக அரசியலுக்குப் புதிதல்ல. 1965-இல் இந்தி எதிர்ப்பில் கல்லூரிகள் கொதித்தன. இரண்டே வருஷத்தில், அந்தப் போராட்டத்தில் முன்நின்ற மாணவர் தலைவர் பெ.சீனிவாசன் விருதுநகரில் காமராஜரையே 1,285 ஓட்டில் தோற்கடித்தார். ஆனால் அன்று ஓட்டுரிமை வயது 21. தெருவில் இறங்கிய மாணவர்களில் பலருக்கு 1967-இலும் ஓட்டு கிடையாது. வீட்டுப் பெரியவர்களிடம் வாதாடத்தான் முடிந்திருக்கும். 61-வது அரசியல் சட்டத் திருத்தம் 1989 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த பிறகே 18 வயதுக்காரர்கள் கையில் மை ஏறியது.

இப்போது இளைஞர் கூட்டத்துக்குக் குறைவில்லை. 2025 செப்டம்பர் 27-ஆம் தேதி த.வெ.க. தலைவர் விஜய் நாமக்கல்லில் பேசிவிட்டு அன்றே கரூர் போனார். இரண்டு ஊருக்கும் நடுவில், காவிரிக் கரையில் பரமத்தி வேலூர். அன்று இரவு கரூர் வேலுசாமிபுரம் நெரிசலில் 41 உயிர்கள் போயின. அந்தக் கூட்டத்தை ஓட்டாக மட்டும் எண்ணிப் பார்ப்பது அநாகரிகம். ஆனாலும் எல்லாக் கட்சிகளும் அதைத்தான் செய்தன.

ஓட்டு விவகாரம் மேடையில் முடிவதில்லை. வாக்காளர் பட்டியலில் பேர் சேர்க்கும் படிவம் 6-இல் தொடங்குகிறது. 18 வயது நிரம்பியிருக்க வேண்டிய தகுதி நாள் முன்பு ஜனவரி 1 ஒன்றுதான். 2022 முதல் ஏப்ரல், ஜூலை, அக்டோபர் முதல் தேதிகளும் சேர்ந்துவிட்டன. 17 வயது நிரம்பியதுமே முன்கூட்டி விண்ணப்பிக்கலாம்.

பேர் ஏறிவிட்டால் போதுமா? வெற்றிலைக் கொடிக்கால் வீட்டுப் பிள்ளை படிப்பது திருச்செங்கோட்டில், வேலை பார்ப்பது திருப்பூரிலோ பெங்களூரிலோ. ஓட்டு மட்டும் ஊரில். அதனால்தான் தேர்தலுக்கு முதல் நாள் பூத் ஏஜென்ட்டுகளின் போன் ஓய்வதில்லை: “தம்பி, பஸ் ஏறிட்டியா?”