வண்டி கிளம்பவில்லையா?

விடியற்காலை. பால்காரர் மோட்டார் சைக்கிளை உதைத்து உதைத்துப் பார்க்கிறார். கிளம்பவில்லை. நேரமானால் பால் கெட்டுவிடும்.

முதலில் டேங்கில் பெட்ரோல் இருக்கிறதா பாருங்கள். சிரிக்காதீர்கள், பலர் இதைத்தான் மறக்கிறார்கள்.

அடுத்தது பிளக். அதன் முனையில் வரும் தீப்பொறிதான் இன்ஜினுக்குள் பெட்ரோல் கலந்த காற்றை எரிக்கிறது. முனையில் கரி படிந்தாலும், உதைக்க உதைக்கப் பெட்ரோலில் நனைந்தாலும் பொறி சரியாக வராது.

இன்ஜின் ஆறியிருக்கும்போதுதான் பிளக்கைக் கழற்ற வேண்டும். பிளக் ஸ்பேனர் தேவை. பழைய பல் பிரஷ்ஷால் கரியைத் துலக்குங்கள். துணியால் துடைத்துக் காயவிடுங்கள். பக்கத்தில் பீடி, விளக்கு கூடாது. பெட்ரோல் ஆவி குப்பென்று பிடித்துக்கொள்ளும்.

திரும்ப மாட்டும்போது முதலில் கையால் திருகுங்கள். ஸ்பேனர் கடைசியில்தான். கோணலாக ஏற்றினால் இன்ஜினில் உள்ள மரை போய்விடும். அந்தச் செலவு புது பிளக் விலையைவிடப் பல மடங்கு.

ஒயர் மூடியைப் பிளக்கில் அழுத்திச் செருகிவிட்டு உதையுங்கள்.