டுகாட்டியா, ஏப்ரிலியாவா? சாவியை வாங்கும் முன் காகிதங்களைப் பாருங்கள்

டுகாட்டி பனிகாலே வி4 வாங்கலாமா, ஏப்ரிலியா ஆர்எஸ்வி4 வாங்கலாமா என்று ஆலோசனை கேட்டு வருகிறவர்கள் குதிரைத்திறன், எடை, பிரேக், எலெக்ட்ரானிக்ஸ் எல்லாவற்றையும் மாதக்கணக்கில் ஒப்பிட்டு வைத்திருக்கிறார்கள். வாங்கிய பிறகு அவர்களே வேறு கேள்விகளோடு திரும்பி வருகிறார்கள். புதுச்சேரி எண் வண்டியைச் சென்னையில் மடக்கிவிட்டார்கள், என்ன செய்வது? போன வருடம் விற்ற வண்டி விபத்தில் சிக்கி, நோட்டீஸ் என் பெயருக்கு வந்திருக்கிறது, நான் ஏன் பதில் சொல்ல வேண்டும்? புது வண்டி என்று கொடுத்தது முந்தைய ஆண்டுத் தயாரிப்பாம், யாரிடம் முறையிடுவது? இவற்றில் ஒன்றுகூட என்ஜின் பற்றிய கேள்வி இல்லை. கையெழுத்துப் போடும் முன் படித்திருக்க வேண்டிய காகிதங்களைப் படிக்காததால் வந்த வினைகள் இவை.

வண்டிகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். போலோன்யா நகரின் போர்கோ பனிகாலே பகுதியில் இருக்கிறது டுகாட்டி தொழிற்சாலை. வெனிஸ் அருகே நோவாலேயில் பிறந்த ஏப்ரிலியா 2004 முதல் பியாஜியோ குழுமத்தில் இருக்கிறது. பனிகாலே வி4, 1,103 சி.சி.; இன்றைய ஆர்எஸ்வி4, 1,099 சி.சி. இரண்டும் 215 குதிரைத்திறனை ஒட்டியவை. நம் சாலையில் அதில் பாதியைக்கூட யாராலும் பயன்படுத்த முடியாது. ஆகவே திறனை வைத்து இவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது வீண் வேலை.

தேர்வைத் தீர்மானிக்க வேண்டியது பராமரிப்பு. டுகாட்டியில் வால்வை மூடுவதற்கும் ஸ்பிரிங்குக்குப் பதிலாகத் தனி ராக்கர் உண்டு. அதைச் சரிபார்க்கும் டெஸ்மோ சர்வீஸ் 24,000 கிலோமீட்டரில் வருகிறது. பயிற்சி பெற்ற மெக்கானிக் இல்லாமல் அது நடக்காது, செலவும் பெரியது. ஏப்ரிலியாவில் வால்வு சோதனை 20,000 கிலோமீட்டரில் வரும், வேலை எளிது. ஆனால் அந்த மாடலைப் பிரித்துப் பழகிய கை உங்கள் ஊருக்குப் பக்கத்தில் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. மதுரையிலோ திருநெல்வேலியிலோ இருப்பவர் வண்டியை லாரியில் ஏற்றி எந்த ஊருக்கு அனுப்ப வேண்டும், ஏற்றுக்கூலி யார் பொறுப்பு, பாகம் வர எத்தனை நாள் ஆகும் என்ற மூன்றையும் இரண்டு ஷோரூம்களிடமும் எழுத்தில் கேளுங்கள். எழுதிக் கொடுக்கிற ஷோரூமின் வண்டியை வாங்குங்கள். விற்பனையாளர் வாயால் சொன்னது நுகர்வோர் ஆணையத்தில் நிற்காது.

புது வண்டி வாங்கும்போது

ஷோரூம் விலை 30 லட்சத்தை ஒட்டி இருக்கும். அதோடு முடிந்தது என்று கணக்குப் போடாதீர்கள். 350 சி.சி.க்கு மேற்பட்ட இருசக்கர வாகனங்களுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. 40 சதவீதம், சொல்லப்படும் விலையில் அது அடங்கியிருக்கிறதா என்று பாருங்கள். தமிழ்நாட்டில் ஒரு லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட பைக்குக்கு ஆயுள் வரி 12 சதவீதம். 30 லட்சத்துக்கு 3.6 லட்சம் ஆகிறது. அட்வான்ஸ் கட்டும் முன் ஆன்-ரோடு விலையை இனம்வாரியாக ஷோரூம் லெட்டர்ஹெட்டில் வாங்குங்கள். புக்கிங்கை ரத்து செய்தால் எவ்வளவு திரும்ப வரும் என்பதும் அதிலேயே இருக்கட்டும்.

டெலிவரி நாளில் வண்டிக்கு மாலை போடும் முன் படிவம் 21ஐக் கேளுங்கள். அது விற்பனைச் சான்று. தயாரிப்பு மாதமும் ஆண்டும் அதில் இருக்கும். சேஸிஸ் நம்பர், என்ஜின் நம்பர் இரண்டையும் வண்டியில் பொறித்திருப்பதோடு எழுத்து எழுத்தாக ஒப்பிட்டு, படம் எடுத்து வையுங்கள். தயாரிப்புத் தகுதிச் சான்றான படிவம் 22ன் நகலையும் கேட்டு வாங்குங்கள். பழைய இருப்பைப் புதிது என்று தள்ளிவிடும் வழக்கம் விலையுயர்ந்த வண்டிகளிலும் இருக்கிறது. பழையதென்று தெரிந்தே தள்ளுபடியில் வாங்குவது உங்கள் விருப்பம். தெரியாமல் வாங்குவது ஏமாறுவது.

செகண்ட் ஹேண்ட் வாங்கும்போது

அதிகம் பேர் வழுக்கி விழும் இடம் இது. வரியை மிச்சப்படுத்த வேறு மாநிலத்தில், பொய் முகவரியில் பதிவு செய்த வண்டிகள் கைமாறி இங்கே வருகின்றன. ஒரு வாகனத்தை வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் அங்கே புதுப் பதிவெண் பெற வேண்டும் என்கிறது மோட்டார் வாகனச் சட்டம் 1988ன் 47ஆம் பிரிவு. அதற்குப் பழைய ஆர்.டி.ஓ.விடம் படிவம் 28ல் தடையில்லாச் சான்று வாங்கி, இங்கே படிவம் 27ல் விண்ணப்பித்து, தமிழ்நாட்டு வரியைக் கட்ட வேண்டும். பணம் கொடுப்பதற்கு முன் அந்த என்.ஓ.சி. உங்கள் கையில் இருக்க வேண்டும். "அப்புறம் வாங்கித் தருகிறேன்" என்கிற புரோக்கரை நம்பாதீர்கள்.

பல அலுவலகங்கள் என்.ஓ.சி. விண்ணப்பத்தை மேசையில் கிடத்திவைத்து அலைக்கழிக்கின்றன. மக்களின் பொறுமையை இப்படிச் சோதிக்க அவர்களுக்கு எந்த உரிமையும் இல்லை. விண்ணப்பம் பெற்ற 30 நாளுக்குள் எழுத்தில் பதில் தராவிட்டால் சான்று வழங்கப்பட்டதாகவே கொள்ள வேண்டும் என்று 48ஆம் பிரிவு சொல்கிறது. ஆகவே விண்ணப்பம் கொடுத்த அன்றே ரசீது வாங்குங்கள். ரசீது இல்லையென்றால் அந்த 30 நாள் எப்போது தொடங்கியது என்று உங்களால் நிரூபிக்க முடியாது. மறுத்து உத்தரவு வந்தால், அது கிடைத்த 30 நாளுக்குள் 57ஆம் பிரிவின்படி மேல்முறையீடு செய்யலாம்.

இறக்குமதி வண்டி என்பதால் இன்னொரு ஆபத்தும் உண்டு. சுங்கவரி ஏய்த்துக் கொண்டுவரப்பட்ட வண்டி யார் கையில் இருந்தாலும் பறிமுதல் செய்யப்படலாம். தனியார் இறக்குமதி என்று சொன்னால் சுங்கத்துறையின் பில் ஆஃப் என்ட்ரியைக் கேளுங்கள். அதிலுள்ள சேஸிஸ் நம்பர் வண்டியோடு பொருந்த வேண்டும். கடனில் வாங்கிய வண்டியா என்று ஆர்.சி.யில் பாருங்கள். ஹைப்போதிகேஷன் இருந்தால் வங்கிக் கடிதத்தோடு படிவம் 35 கொடுத்து அதை நீக்கிய பிறகே பணம் கொடுங்கள். பழைய வண்டி வியாபாரிக்குப் படிவம் 29பி-யில் ஆர்.டி.ஓ. அங்கீகாரம் இருக்கிறதா என்றும் கேளுங்கள்; 2023 ஏப்ரல் முதல் இது கட்டாயம்.

விற்பவருக்கு ஓர் எச்சரிக்கை. பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30ல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டால் வண்டி உங்கள் பெயரைவிட்டுப் போய்விடாது. விற்றவர் 14 நாளுக்குள்ளும் வாங்கியவர் 30 நாளுக்குள்ளும் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 50ஆம் பிரிவு. பெயர் மாறாதவரை விபத்து இழப்பீட்டுக்குப் பதிவில் இருப்பவரே பொறுப்பு என்று 2018ல் நவீன் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மறுபடியும் சொல்கிறேன்: கையெழுத்துப் போட்டால் போதாது, வாகன் தளத்தில் பெயர் மாறியதைக் கண்ணால் பார்க்கும்வரை வண்டி உங்களுடையதுதான்.

இன்சூரன்ஸும் சைலன்சரும்

ஆர்.சி. மாறினால் பாலிசியும் தானாக மாறும் என்பது தவறு. மூன்றாம் நபருக்கான பாதுகாப்பு மட்டுமே வாங்கியவருக்குத் தொடரும். உங்கள் வண்டியின் சேதத்துக்குப் பணம் வேண்டுமானால், கைமாறிய 14 நாளுக்குள் காப்பீட்டு நிறுவனத்துக்கு விண்ணப்பித்துப் பாலிசியைப் பெயர் மாற்றுங்கள். இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கில் ஓட்டுகிறவர்கள் பாலிசியைப் படித்துவிட்டுப் போங்கள். ரேஸ், வேகச் சோதனை ஆகியவற்றுக்குச் சாதாரண பாலிசி பணம் தராது.

இந்த இரண்டு வண்டிகளையும் வாங்குகிற பலர் முதல் மாதமே சைலன்சரைக் கழற்றிவிட்டு ரேஸ் சைலன்சர் மாட்டுகிறார்கள். தயாரிப்பாளர் தந்த அமைப்பை மாற்றுவதை 52ஆம் பிரிவு தடுக்கிறது. 182ஏ பிரிவின்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம்வரை சிறை, அல்லது இரண்டும். ஒலி மாசுக்கு 190(2) பிரிவில் 10,000 ரூபாய்வரை அபராதமும் மூன்று மாதம்வரை சிறையும் இருக்கின்றன. லைசென்ஸும் மூன்று மாதம் முடங்கும். தெருவில் தூங்கும் குழந்தையும் நோயாளியும் உங்கள் சைலன்சர் சத்தத்தைக் கேட்க வேண்டிய அவசியமில்லை. என்ஜின் கோளாறு வந்தால் வாரண்டியை மறுக்கவும் கம்பெனிக்கு அதுவே சாக்காகும்.

ஏமாற்றப்பட்டால் எங்கே போவது?

முதலில் ஷோரூமுக்கும் இந்திய நிறுவனத்துக்கும் (டுகாட்டிக்கு டுகாட்டி இந்தியா, ஏப்ரிலியாவுக்குப் பியாஜியோ வெஹிக்கிள்ஸ்) ஒரே தேதியில் எழுத்துப் புகார் அனுப்புங்கள். ஒவ்வொரு முறை வண்டியை விடும்போதும் ஜாப் கார்டில் குறையை உங்கள் வார்த்தையில் எழுதச் செய்து நகல் வாங்குங்கள். "ஜெனரல் செக்கப்" என்று எழுதினால் கையெழுத்துப் போடாதீர்கள். வழக்கில் உங்கள் முதல் சாட்சி அந்த ஜாப் கார்டுதான். ரீகால் விவரத்தையும் விசாரியுங்கள்: பனிகாலே வி4க்கு எரிபொருள் கசிவுக்காக 2018லும், சில ஆர்எஸ்வி4 வண்டிகளுக்குக் கனெக்டிங் ராட் குறைக்காகவும் வெளிநாடுகளில் ரீகால் நடந்திருக்கிறது. உங்கள் சேஸிஸ் நம்பருக்கு ஏதேனும் நிலுவையில் உள்ளதா என்று எழுத்தில் பதில் கேளுங்கள்.

பதில் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதியுங்கள். அடுத்தது மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். கொடுத்த விலை 50 லட்சம்வரை இருந்தால் வழக்கு அங்கேதான். 20 முதல் 50 லட்சம்வரை கட்டணம் வெறும் 1,000 ரூபாய். ஷோரூம் எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே தாக்கல் செய்யலாம். இ-ஜாக்ரிதி தளத்தில் இணையவழியிலும் பதியலாம், வக்கீல் கட்டாயமில்லை. இரண்டு வருடத்துக்குள் தாக்கல் செய்ய வேண்டும். "பார்த்துக்கொள்கிறோம்" என்று ஷோரூம் இழுத்தடிப்பதை நம்பிக் கெடுவைத் தவறவிடுகிறவர்கள் ஏராளம். கம்பெனி பெயரில் பில் போட்டிருந்தால், வணிக நோக்கத்துக்கு வாங்கியது, நீங்கள் நுகர்வோரே இல்லை என்ற எதிர்வாதம் வரும். சொந்த உபயோகம் என்றால் சொந்தப் பெயரில் வாங்குங்கள்.

என் தீர்ப்பு இதுதான்: உங்கள் ஊருக்கு அருகில் எந்த வண்டிக்குப் பயிற்சி பெற்ற ஒர்க்‌ஷாப் இருக்கிறதோ, எந்த ஷோரூம் வாக்குறுதியை எழுதிக் கொடுக்கிறதோ, அந்த வண்டியை வாங்குங்கள். இரண்டுமே எழுதித் தர மறுத்தால் இரண்டையும் வாங்காதீர்கள். என்.ஓ.சி. ரசீது, படிவம் 21, ஜாப் கார்டு நகல், பெயர் மாறிய ஆர்.சி., பெயர் மாறிய பாலிசி ஆகிய ஐந்தையும் ஒரே கோப்பில் போட்டு வீட்டில் பத்திரப்படுத்துங்கள்.