பழைய ஸ்டீரியோவுக்கு ஒரு வயர்லெஸ் ரிசீவர்

நல்ல ஆம்ப்ளிஃபயரும் ஸ்பீக்கர்களும் உள்ள வீட்டில், செல்போன் பாட்டை அவற்றில் கேட்க ஒரு சிறிய வயர்லெஸ் ரிசீவர் போதும். இதில் புளூடூத், வைஃபை என முக்கியமாக இரு வகை உண்டு.

புளூடூத் ரிசீவரின் விலை குறைவு; வீட்டில் வைஃபை தேவையில்லை. ஆனால் பாட்டு போன் வழியாகவே வருவதால், அழைப்பு வந்தால் இசை நின்றுவிடும். மேலும், புளூடூத் ஒலியைச் சுருக்கியே அனுப்பும். சிடியின் ஒலித்தரவு நொடிக்கு 1,411 கிலோபிட். புளூடூத்தின் எல்டிஏசி முறையில்கூட உச்சம் 990தான். அதுவும் போன், ரிசீவர் இரண்டிலும் எல்டிஏசி இருந்தால்தான்.

ஸ்பாட்டிஃபை கனெக்ட் போன்ற வசதியுள்ள வைஃபை ரிசீவர், பாட்டை இணையத்திலிருந்து நேரடியாக எடுத்துக்கொள்ளும். போன் வெறும் ரிமோட்தான். சிடி தரத்தைக் குறையாமல் தர வைஃபையால் முடியும். ஐபோன் வைத்திருப்போர் ரிசீவரில் ஆப்பிளின் ஏர்பிளே 2 வசதி உள்ளதா என்று பார்ப்பது நல்லது.

அடுத்தது இணைப்பு. ஆம்ப்ளிஃபயரின் பின்புறம் 'ஆக்ஸ்' அல்லது 'சிடி' என்று எழுதியுள்ள சிவப்பு, வெள்ளைத் துளைகளில் கேபிளைச் செருக வேண்டும். 'ஃபோனோ' துளை இசைத்தட்டுக் கருவிக்கானது. அதில் செருகினால் ஒலி சிதையும். ஆம்ப்ளிஃபயரில் தரமான ஆப்டிகல் டிஜிட்டல் உள்ளீடு இருந்தால், ஆப்டிகல் வெளியீடுள்ள ரிசீவரையே வாங்கலாம்.