டிக்கெட்டில் ஒரு பி.என்.ஆர்., காக்பிட்டில் ஒரு பி.என்.ஆர்.

சென்னையில் ஏறி, போர்ட் பிளேருக்கு மேலே அரை மணி நேரம் வட்டமடித்துவிட்டு, மறுபடி மீனம்பாக்கத்திலேயே வந்து இறங்கியவர்கள் உண்டு. "அவ்வளவு தூரம் போய்விட்டு இறக்கத் தெரியாதா?" என்று கோபப்படுகிறார்கள். கோபம் நியாயம்தான். ஆனால் திரும்பி வரும் முடிவில் பெரும்பகுதி, விமானம் கிளம்பும் முன்பே காகிதத்தில் போட்ட கணக்கு. விமானப் போக்குவரத்து ஒழுங்குமுறை அமைப்பான டிஜிசிஏவின் ஏர் நேவிகேஷன் தேர்வில் 70 சதவீதம் எடுக்க மாணவர்கள் முட்டிமோதுவதும் இதே கணக்கோடுதான்.

பயணிக்கு பி.என்.ஆர். என்றால் முன்பதிவு எண். விமானிக்கு அது 'பாயின்ட் ஆஃப் நோ ரிட்டர்ன்' என்ற இடம்: அதைத் தாண்டிவிட்டால், கிளம்பிய ஊருக்குத் திரும்ப எரிபொருள் போதாது.

சென்னையிலிருந்து போர்ட் பிளேர் சுமார் 740 நாட்டிக்கல் மைல். விமானத்தின் வேகம் 440 நாட், எதிர்க்காற்று 40 நாட் என்று வைத்துக்கொள்வோம். போகும்போது 400, திரும்பும்போது 480. ரிசர்வ் போக 4 மணி நேர எரிபொருள். நாலை 480-ஆல் பெருக்கி, இரு வேகங்களின் கூட்டுத்தொகையான 880-ஆல் வகுத்தால் 2 மணி 11 நிமிடம். அதாவது 873 மைல் வரை போய்த் திரும்பலாம். போர்ட் பிளேர் அதற்குள் அடக்கம். போக 1 மணி 51 நிமிடம், வர 1 மணி 33 நிமிடம். மிச்சம் சுமார் 36 நிமிடம். ஜன்னலோரம் நீங்கள் பார்த்த வட்டங்கள் அவைதான். அதற்குள் மேகம் விலகவில்லையா, திரும்ப வேண்டியதுதான்.

மாணவர்கள் வழுக்கி விழும் இடம் ஒன்று. போகும்போது காற்று முதுகில் தள்ளினால் எல்லையும் தள்ளிப்போகும் என்று நினைப்பார்கள். போட்டுப் பாருங்கள், அதே 873. காற்றே இல்லாவிட்டால் 880. காற்று எந்தப் பக்கம் அடித்தாலும் நஷ்டம்தான்.

இன்னொரு புள்ளி, பி.ஈ.டி. (பாயின்ட் ஆஃப் ஈக்வல் டைம்). நடுவானில் ஓர் எஞ்சின் நின்றால் முன்னே போவதா, திரும்புவதா, எது சீக்கிரம் என்ற கேள்வி. இதில் எரிபொருளுக்கு வேலையே இல்லை. மேலே சொன்ன வேகங்களுக்கு அது 404-ஆவது மைலில் வரும். பாதித் தூரமான 370-இல் அல்ல. எதிர்க்காற்று அதைப் போகும் ஊர்ப் பக்கம் நகர்த்திவிடுகிறது. தேர்வுக் கேள்வியில் எஞ்சின் பழுது என்றால், புள்ளியைக் கண்டுபிடிக்கப் பழுதுக்குப் பிந்தைய குறைந்த வேகம். அந்தப் புள்ளியை எட்டும் நேரத்துக்கு வழக்கமான வேகம். மதிப்பெண் பறிபோவது பெரும்பாலும் இங்கேதான்.

திரும்பி வந்த பயணிக்கு என்ன கிடைக்கும்? பயணம் ரத்தானால், முழுப் பணம் அல்லது மாற்று விமானம். எது வேண்டும் என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். காத்திருக்கும் நேரத்துக்கு ஏற்ப உணவும் கேட்கலாம். வானிலைதான் காரணம் என்றால் நஷ்ட ஈடு கிடையாது. ஏஜென்ட் மூலம் எடுத்த டிக்கெட் என்றாலும், பணத்தைத் திருப்பித்தரும் பொறுப்பு விமான நிறுவனத்துடையது. "ஏஜென்டைப் போய்க் கேளுங்கள்" என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள். என்ன காரணத்தால் ரத்து என்று எழுத்தில் வாங்கிக்கொண்டு முதலில் நிறுவனத்திடம் புகார் கொடுங்கள். மசியவில்லை என்றால் ஏர்சேவா தளம், நுகர்வோர் உதவி எண் 1915, அதற்கும் மேலே நுகர்வோர் ஆணையம்.

ஹேவ்லாக் தீவுக்கான படகு டிக்கெட்டும் ஓட்டல் முன்பணமும் விமான நிறுவனம் திருப்பித்தரும் பணத்தில் வராது. மழைக்காலத்தில் போகிறவர்கள், இறங்கும் நாளிலேயே படகுக்குப் பதிவு செய்யாமல் இருப்பது நல்லது.